குழந்தை மேல் பாயும் சேவலை என்ன செய்வது?

இந்த மாதம் சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேவலைப் பற்றியே இருந்தன. அதனால் தீவனம், முட்டை விலை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் குடியிருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அடைக்கோழியைக் கீரி தூக்கிப் போய்விட்டது, ஒரே ஒரு குஞ்சுதான் மிஞ்சியது. அதை அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைத்து, கையிலேயே தீனி கொடுத்து வளர்த்தோம். என் மகள் மடியில் வைத்துக்கொண்டே திரிவாள். இன்றைக்கு அதே சேவல் அவளைக் கண்டாலே பாய்கிறது. போன வாரம் எகிறி அடித்ததில் கன்னத்தில் அதன் கால் முள் கீறிவிட்டது. அவளுக்கு ஐந்து வயது. வீட்டுக்காரர் விளக்குமாற்றால் அடித்துப் பார்த்தார், அதிலிருந்து அவரையும் துரத்துகிறது. மாமியார் அறுத்துக் குழம்பு வை என்கிறார், மகள் அழுகிறாள். இதைத் திருத்த முடியுமா? முடியாதென்றால் சாதுவான ரகம் எது?
(வாசகி, ஏற்காடு)

பதில்: சகோதரி, மற்றதைப் பிறகு பேசலாம், இன்றைக்கே அந்தச் சேவலைக் கொடாப்புக்குள் போடுங்கள். மகள் வாசலில் இருக்கும் நேரம் முழுக்க அது உள்ளேதான் இருக்க வேண்டும். நமக்கு முழங்காலில் விழும் அடி ஐந்து வயதுக் குழந்தைக்கு முகத்தில் விழும். என் அக்கா பையனுக்கு அப்படித்தான் ஆனது. கீழ் இமைக்கு ஒரு விரல்கடை தள்ளி முள் இறங்கியது, தையல் போட்டு, ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடந்து, கண் பிழைத்தது. அவனுக்கு இப்போது இருபது வயது, இன்னமும் கோழி இருக்கிற வாசலுக்குள் நுழைய யோசிப்பான்.

அவ்வளவு பாசமாக வளர்த்தும் ஏன் இப்படி என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். பாசமாக வளர்த்ததுதான் ஒரு காரணம். தாயோடும் மற்றக் குஞ்சுகளோடும் வளரும் சேவல் குஞ்சுக்கு யார் தன் இனம், யாருக்கு அடங்க வேண்டும் என்பதெல்லாம் கொத்து வாங்கி வாங்கியே தெரிந்துவிடும். மனிதரிடம் ஒரு கூச்சமும் இருக்கும், அந்தக் கூச்சம்தான் நமக்குப் பாதுகாப்பு. தனியாக, கைக்குள்ளேயே வளர்ந்த குஞ்சுக்கு உங்கள் வீட்டு ஆட்கள்தான் கூட்டம். ஐந்தாறு மாதத்தில் உடம்பில் ஆண் சுரப்பு ஏறி, கொண்டை சிவந்து, கூவ ஆரம்பித்ததும் அந்தக் கூட்டத்தில் தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். எல்லாரையும் விடக் குட்டையாக, ஓடி ஆடிக்கொண்டு, பயந்தால் கத்திக்கொண்டு இருப்பது உங்கள் மகள், அதனால் முதலில் அவள். அவள் ஓடினால் சேவல் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், மறுநாள் இன்னும் தைரியமாக வரும். கையில் வளர்ந்த சேவல் எல்லாமே இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துரத்துகிற சேவல் என்று எனக்கு எழுதுகிறவர்களில் நிறையப் பேர், இது குஞ்சிலிருந்து என் கையிலேயே வளர்ந்தது என்றுதான் கடிதத்தைத் தொடங்குகிறார்கள்.

அடிப்பதை வீட்டுக்காரரிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு சேவல் சண்டை போடுவதை அவர் பார்த்திருப்பார், ஒன்று அடிக்கும், மற்றது திருப்பி அடிக்கும், கொஞ்சம் விலகி மூச்சு வாங்கும், மறுபடி எகிறும். விளக்குமாற்று அடி அந்தச் சேவலுக்கு எதிராளியின் அடி, அவ்வளவுதான். அடித்துவிட்டு அவர் வீட்டுக்குள் போகும்போது முதுகைக் காட்டுகிறார் இல்லையா, எதிராளி விலகிவிட்டான் என்று அது நினைக்கும். காலால் உதைப்பதும் அப்படித்தான், அதில் விலா எலும்பு உடைந்து செத்த சேவலும் உண்டு.

திருத்த முடியுமா என்றால், ஆறேழு மாத விடலையாக இருந்தால் நிறைய வாய்ப்பு உண்டு என்பேன். ஒன்றரை வருடச் சேவல், ஜெயித்துப் பழகிவிட்டது, அதனால் நம்பிக்கை குறைவு. ஆனாலும் மூன்று வாரம் முயற்சி செய்து பாருங்கள், பெரியவர்கள் மட்டும். குழந்தையை வைத்து எந்தப் பழக்கமும் கொடுக்கக் கூடாது.

முழுக்கால் துணியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு முறத்தை முன்னால் பிடித்தபடி வாசலுக்குப் போங்கள். பாய்வதற்கு முன்னால் சேவல் அறிகுறி காட்டும். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடக்கும், கழுத்து இறகு குடை மாதிரி விரியும், அல்லது ஒன்றும் நடக்காத மாதிரி தரையைக் கொத்திக்கொண்டே நெருங்கி வரும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள், அது இரை பொறுக்கவில்லை, உங்களைத்தான் அளக்கிறது. அப்போது பின்வாங்க வேண்டாம், நிதானமாக அதை நோக்கி ஒரு அடி வையுங்கள். எகிறினால் முறத்தில் படட்டும். திருப்பி அடிக்காமல், கத்தாமல், அது தானாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம், கால் மணி நேரமும் ஆகலாம். அது போன பிறகுதான் நீங்கள் போக வேண்டும். இடையில் அடுப்பில் பால் இருக்கிறதே என்று பாதியில் உள்ளே ஓடினால் அன்றைய பாடம் தலைகீழாகிவிடும், அதனால் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அப்புறம், இருட்டின பிறகு அடைந்திருக்கும்போது சேவலைத் தூக்குங்கள், அந்த நேரத்தில் அதற்குக் கண் தெரியாது, எதிர்க்காது. இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கி, கால்களை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் வாசலில் மெதுவாக நடந்துவிட்டு விடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பகலிலும் அதே மாதிரி. கையில் தீனி கொடுப்பதை இன்றோடு நிறுத்தி, கம்போ நொய்யோ தரையில் வீசிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று, திடீரென்று குணம் மாறிய சேவலாக இருந்தால் இறக்கை அடியில் செள் பூச்சி இருக்கிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா, ஒரு கண் பார்வை போயிருக்கிறதா என்று பாருங்கள். வலியில் இருக்கும் பறவையும் பாயும். உங்கள் சேவலுக்கு அது காரணமாகத் தெரியவில்லை, ஆனாலும் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மூன்று வாரத்தில் பெரியவர்களிடம் அடங்கிவிட்டால் சந்தோஷம். ஆனால் உங்களுக்கு அடங்கிய சேவல் உங்கள் மகளுக்கும் அடங்கும் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஆளாளுக்குத் தனித்தனியாக அளந்து வைத்திருக்கும். அதனால் வலை அடித்த தனிக் கொட்டகையில் வைத்துப் பராமரிக்க இடம் இருந்தால் வையுங்கள். இடம் இல்லையென்றால் உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை. எனக்குக் கோழிகள் மேல் எவ்வளவு பிரியம் என்று இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், அப்படியிருந்தும் குழந்தையின் கண்ணுக்கும் சேவலின் உயிருக்கும் நடுவில் எதை என்று கேட்டால் ஒரு நொடி கூட யோசிக்க மாட்டேன். சந்தையில் விற்பதாக இருந்தால் ஆள் மேல் பாயும் என்று சொல்லித்தான் விற்க வேண்டும், வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தை இருக்கும். மகளிடம் பறந்து போய்விட்டது என்று பொய் சொல்லாதீர்கள். உன்னை அடித்தது அதன் இயல்பு, உன் மேல் தப்பில்லை, ஆனால் நாம் அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியும், அழுவாள், அழட்டும்.

ரகத்துக்கு வருகிறேன். சாதுவான ரகம் எது என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அப்பன் சேவலைப் பார்த்தீர்களா என்பதைத்தான். குணம் ரத்தத்தில் இறங்கும். ரகத்தின் பெயர் ஒரு குறிப்பு மட்டும்தான், ஒரே ரகத்தில் மடியில் உட்காரும் சேவலும் உண்டு, மண்டையில் ஏறும் சேவலும் உண்டு.

இதற்கு அசிலை, அதாவது நம் ஊரில் பெருவிடை என்கிற சண்டைக்கோழி ரகத்தை விட நல்ல உதாரணம் இல்லை. பெருவிடைச் சேவல் என்றாலே சண்டைக்காரன், வீட்டுப் பக்கம் வைக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு சேவலைக் கண்டால் உயிர் போகிற வரைக்கும் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மனிதரிடம் அசில் பொதுவாக அமைதியானது. தலைமுறை தலைமுறையாகச் சேவலைக் கையில் பிடித்து, நீவி, தண்ணீர் காட்டி, காயத்துக்கு மருந்து போட்டு வளர்த்தவர்கள், பிடிக்கிற கையையே கொத்துகிற சேவலை இனத்துக்கு விடமாட்டார்கள், அது குழம்புக்குப் போய்விடும். அப்படிக் கழித்துக் கழித்து வந்த ரத்தம் அது. சேவற்கட்டை நான் ஆதரிக்கவில்லை, கத்தி கட்டி விடுவதைப் பார்க்கவே முடியாது. ஆனால் ஆளைக் கொத்தும் சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டையை அடை வைக்காதே என்ற அந்த ஒரு பழக்கத்தை நாம் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சேவல் மட்டும் வைப்பதாக இருந்தால் அசிலும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகும். பெட்டை குறைவாகத்தான் முட்டை வைக்கும், ஆனால் அடை காப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் கெட்டி.

சிறுவிடை, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி, நம் ஊர் வாசலுக்கே உரியது. தானே மேயும், பருந்துக்கும் கீரிக்கும் தப்பிக்கும், சேவல் சுறுசுறுப்பானது. குணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும், ஏனென்றால் யாரும் தேர்ந்தெடுத்து வளர்ப்பதில்லை, எது தப்பிப் பிழைத்ததோ அதுதான் சேவல். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கருங்கோழிக்கு, அதாவது கடக்நாத்துக்கு, 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இங்கே ஏகப்பட்ட விலை சொல்கிறார்கள். பயந்த சுபாவமுள்ள கோழி, ஆளைக் கண்டால் எகிறிப் பறந்து ஒதுங்கும். நீங்கள் கேட்கிற சாது அது இல்லை, கையில் நிற்காது, ஆனால் தேடி வந்து அடிப்பதும் அபூர்வம்.

ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் புறக்கடைக்கென்றே வந்தவை. வனராஜா உடம்பு கனமானது, நிதானமாக நடக்கும், நான் வளர்த்த வரையில் அந்தச் சேவல்கள் ஆள் மேல் வந்ததில்லை. அதே நிதானம்தான் அதன் குறையும், உங்கள் தோட்டத்தில் கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் இருக்கும், நாட்டுக்கோழி மாதிரி இதனால் பறந்து தப்பிக்க முடியாது. கிராமப்பிரியா முட்டைக்கு நல்லது. இரண்டிலும் பெட்டைகள் பெரும்பாலும் அடை உட்காராது, குஞ்சு வேண்டுமென்றால் ஒரு நாட்டுப் பெட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன், முட்டைக்கு அருமையான இனம், ஆனால் சேவல் முரட்டுத்தனத்துக்குப் பெயர் போனது.

அலங்காரக் கோழிகளில் சில்கி, கொச்சின், பிரம்மா மூன்றும் உலகம் முழுக்கவே சாதுவானவை என்று பெயர் எடுத்தவை. சில்கிச் சேவலைக் குழந்தை பொம்மை மாதிரி தூக்கித் திரியலாம். ஆனால் இடத்தைப் பார்க்க வேண்டும். சில்கியின் இறகு பஞ்சு மாதிரி பிரிந்து இருப்பதால் தண்ணீரை உதறாது, ஏற்காட்டு மூடுபனியிலும் ஐப்பசி மழையிலும் நனைந்து ஊறி நடுங்கி நிற்கும், கூரையும் காய்ந்த தரையும் கட்டாயம். கொச்சினுக்கும் பிரம்மாவுக்கும் காலெல்லாம் இறகு, காபித் தோட்டச் சேற்றில் அது கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கழுவிக் காய வைக்காவிட்டால் புண் வரும். குளிர் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. இதையே மலைக்குக் கீழே சேலத்தில் வைத்தால் தலைகீழ், சித்திரை வெயில் 40 டிகிரிக்குப் போகும்போது அந்த இறகு மூட்டையைச் சுமந்துகொண்டு வாயைத் திறந்து இரைக்கும். கீழே இருக்கிறவர்களுக்குக் கழுத்தில் இறகு இல்லாத நாட்டுக்கோழி பொருத்தம், உடம்பிலேயே இறகு குறைவு என்பதால் வெப்பத்தைத் தாங்கும். பார்க்க அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள், பாவம்.

உங்களுக்கு என் யோசனை, இரவில் அடைக்க நல்ல கொட்டகை இருந்தால் வனராஜா, இல்லையென்றால் அப்பனைப் பார்த்து வாங்கிய சிறுவிடை. கொங்கணாபுரம் சனிச்சந்தை மாதிரி இடத்தில் வாங்கினால் அப்பனைப் பார்க்க முடியாது, அதனால் முடிந்தவரை வளர்ப்பவரின் வாசலுக்கே போய் வாங்குங்கள். போனதும் கோழியைப் பார்க்காதீர்கள், வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். சேவல் பக்கத்தில் அவர்கள் பயமில்லாமல் ஓடியாடினால் பாதி வேலை முடிந்தது. பிறகு சேவலுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், குந்தி உட்கார்ந்து பாருங்கள். நல்ல சேவல் ஒதுங்கும், அல்லது தன் பாட்டுக்கு இரை கிளறிப் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டு இருக்கும், அடிக்கடி ஒரு கண்ணை வானத்துப் பக்கம் சாய்த்துப் பருந்து பார்க்கும். ஒரு பெட்டையைத் தூக்கிக் கத்த விட்டால் அது உங்கள் பக்கம் ஓடி வரலாம், அதைக் குறையாக எண்ண வேண்டாம், அது அதன் கடமை. சும்மா துணி காயப்போடும் ஆளின் மேல் வருவதுதான் குறை.

கேள்வி: அம்மாப்பேட்டையில் மாடி வீடு. முட்டைக்காக நான்கு பெட்டை, ஒரு சேவல் வளர்க்கிறோம். விடியற்காலை மூன்று மணிக்கே கூவுகிறது என்று அக்கம்பக்கத்தில் சண்டை, பேப்பர் போடும் தம்பியையும் கொத்துகிறது. சேவலை எடுத்துவிட்டால் பெட்டைகள் முட்டை வைக்காதே?
(வாசகர், சேலம்)

பதில்: தாராளமாக வைக்கும். பெட்டை முட்டை வைப்பதற்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் லட்சக்கணக்கான கோழிகள் சேவலைப் பார்த்ததே கிடையாது. சேவல் போன பிறகு ஒன்றிரண்டு வாரம் பெட்டைகளுக்குள் கொத்துப்பிடி இருக்கும், அதுவாகவே சரியாகிவிடும். நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் என்பதே அதிகம். எட்டு முதல் பத்துப் பெட்டை இருந்தால்தான் சேவல் ஒன்றையே மிதித்து முதுகு இறகை உதிர்க்காமல் இருக்கும்.

கேள்வி: எங்கள் சேவல் முனியப்பனுக்கு நேர்ந்து விட்டது. ஆடி மாதம் வரைக்கும் வைத்திருக்க வேண்டும், விற்கவோ அறுக்கவோ கூடாது. அதற்குள் வீதியில் போகிற வருகிற எல்லாரையும் துரத்துகிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: நேர்ந்ததை மாற்றச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் முனியப்பனுக்குச் சேவல் விடுகிற வழக்கம் உண்டு. நேர்ந்து விட்டது என்றால் வீதியில் அவிழ்த்து விட வேண்டும் என்று அர்த்தமில்லை. வேலி ஓரம் பத்தடிக்கு ஆறடி வலை அடித்து, மேலே தென்னங்கீற்று போட்டு, சில பெட்டைகளோடு உள்ளே விடுங்கள். தனியாகக் கட்டி வைத்தால் வெறி கூடும், பெட்டை இருந்தால் கவனம் அதன் மேல் இருக்கும்.

முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் மழுக்குங்கள். நகவெட்டி வேண்டாம், இரும்பு ராவும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து உருண்டையாக்கினால் போதும். முள்ளின் உள்ளே எலும்பும் ரத்தக்குழாயும் இருக்கிறது, அடியோடு வெட்டினால் ரத்தம் நிற்காது, அப்புறம் சீழ் பிடித்து நொண்டும். முறுக்கிப் பிடுங்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வாயில்லாத ஜீவனுக்கு அந்த வலியைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. முட்டை எடுக்கப் போனபோது சேவல் காலில் கொத்தி ரத்தம் வந்தது. நாய்க்கடிக்கு மாதிரி ஊசி போட வேண்டுமா? மஞ்சள் வைத்துக் கட்டினால் போதுமா?
(வாசகி, ஆத்தூர்)

பதில்: வெறிநோய் கோழி கொத்துவதால் வருவதில்லை, அந்த ஊசி தேவையில்லை. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதைப் போட வேண்டும், ஏனென்றால் அந்த முள்ளும் அலகும் நாள் முழுக்க எருவையும் மண்ணையும் கிளறுகிறவை. முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளையோ காபித்தூளையோ அப்பினால் காயத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும். முள் குத்தின ஓட்டை வெளியில் சின்னதாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும், மறுநாள் வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கண் பக்கம், மூட்டுப் பக்கம் என்றால் வீங்குகிற வரைக்கும் கூடக் காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருட்டல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இனி அவர் சேவல் இருக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது அம்மா ஒருவர், சுருட்டிய நரம்பில் சேவல் கொத்தியதால் ரத்தம் போய் இறந்ததை 2019-இல் மருத்துவ ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். மிக அபூர்வம்தான், ஆனால் அந்த நரம்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, ஒரு கொத்து போதும். எப்போதாவது அப்படி ரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: செம்மநத்தம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் காட்டுக்கோழிச் சேவல் வருகிறது. அது கத்தினால் எங்கள் சேவல் வெறி பிடித்த மாதிரி ஆகிறது. அதன் குஞ்சைப் பிடித்து வளர்த்தால் நல்ல இனம் கிடைக்குமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: பிடிக்கவே கூடாது தம்பி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதையும் தாண்டி, காட்டுக்கோழி கூண்டில் முட்டி மோதி அடிபட்டுக்கொள்ளும், லேசில் பழகாது. சேர்வராயன் மலையில் நாம் பார்ப்பது சாம்பல் காட்டுக்கோழி, இந்தியாவுக்கே உரிய பறவை. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை வேறு, தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் கோழிகளில் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சள் இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வில் கண்டுபிடித்தார்கள். என்றைக்கோ ஒரு நாள் உங்கள் தோட்டம் மாதிரி ஒரு காட்டோரத்தில் கலந்த ரத்தம், இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவி நிற்கிறது. காலையிலும் மாலையிலும் அது கத்தும் நேரம் மட்டும் உங்கள் சேவலை அடைத்து வையுங்கள், போதும்.

கேள்வி: ஆளைக் கொத்தும் சேவலைப் போன வாரம்தான் விற்றோம். நீங்கள் முன்பு ஒருமுறை எழுதினதைப் படித்து, சாதுவான அப்பனுக்குப் பிறந்த சேவலாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம். பெட்டை ஒன்று இப்போது முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த முட்டைகளையே அடை வைக்கலாமா?
(வாசகி, வாழப்பாடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பெட்டையின் உடம்புக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரைக்கும் தங்கியிருக்கும். இப்போது வைக்கிற முட்டைகளில் பல, நீங்கள் விற்ற சேவலின் பிள்ளைகளாகவே இருக்கும். இவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் போன தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து மூன்று வாரம் கழித்து விழும் முட்டைகளில் மட்டும் பென்சிலால் தேதி எழுதிச் சேர்த்து வையுங்கள். அதற்குள் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டால் ஒன்றிரண்டு பழைய முட்டையை அடியில் விட்டு வைத்து, நாள் ஆனதும் புது முட்டைகளை இரவில் ஒரே தடவையாக மாற்றி வைத்துவிடுங்கள். ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கரு பிடித்தது எது என்று தெரியும், பிடிக்காததை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு வரும். குஞ்சுகளைத் தாயோடு விடுங்கள், பிள்ளைகள் தூக்கி விளையாடினாலும் திரும்பத் தாயிடமே போய்ச் சேரட்டும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டை மறந்துவிடாதீர்கள்.